டேப்பை இழுப்பது எது? பழைய கேசட் டெக்கைத் திறக்கும் முன்

பரணிலிருந்து பழைய கேசட் டெக்கை இறக்கித் தூசி தட்டி பிளே பட்டனை அமுக்கினால், பல நேரம் பாட்டு வராது. டேப்தான் வெளியே வரும். அல்லது பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கும். அல்லது கம்பளிக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் மந்தமாக ஒலிக்கும். எது நடந்தாலும் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "ஹெட் போயிடுச்சு."

ஹெட் என்பது டேப்பில் பதிந்த ஒலியைப் படிக்கும் சிறு பாகம். பெரும்பாலும் ஹெட் போயிருக்காது. ஹெட் கடினமான உலோகக் கலவையால் ஆனது. துடைத்துப் பராமரித்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும். டெக்கில் முதலில் கெடுவது ரப்பர். அடுத்து, காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய். இரண்டுமே ஓடாமல் சும்மா இருந்தாலும் கெடும். அதனால்தான் "பத்து வருஷமா போடவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு" என்று விற்கப்படும் டெக் வீட்டுக்கு வந்ததும் தகராறு செய்கிறது.

இந்தக் கட்டுரை 1970, 80களில் வந்த சாதாரண ஸ்டீரியோ டெக்குகளைப் பற்றியது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி பெட்டியாக நம் வீடுகளுக்கு வந்தவற்றில் அநேகம் இந்த வகைதான். டேப் எப்படி ஓடுகிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், எந்தக் கோளாறு எந்தப் பாகத்தில் என்பது திறக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

பாய் சுருட்டும் கணக்கு

கேசட்டுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆகவே வலப்பக்கச் சக்கரம்தான் டேப்பை இழுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தவறான புரிதல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோரைப்பாயைச் சுருட்டிப் பாருங்கள். முதல் சுற்றில் ஒரு சாண் பாய்தான் உள்ளே போகும். சுருள் தடிக்கத் தடிக்க ஒரே சுற்றுக்கு இரண்டு சாண், மூன்று சாண் போகும். கேசட்டிலும் அப்படியே. வெறும் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ.; 90 நிமிட கேசட்டில் டேப் முழுதும் ஏறியபின் விட்டம் 50 மி.மீ. அளவுக்குப் போய்விடும். சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றி டேப்பை இழுத்தால், பாட்டு முடிவதற்குள் டேப்பின் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதிலிருந்து அதன் வேகம் ஒன்றேதான்: நொடிக்கு 4.76 செ.மீ. முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் இது மாறக் கூடாது.

ஆக, இழுப்பது சக்கரம் அல்ல. சக்கரம் தன் வேகத்தை டேப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சுற்றில் தொடங்கி, முடியும்போது 20க்கும் கீழே வந்துவிடுகிறது.

கரும்புச் சாறு மிஷின்

கரும்பை உள்ளே இழுப்பது யார்? கடைக்காரர் நுனியைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். இரண்டு உருளைகள் நடுவில் கவ்வி இழுக்கின்றன. டெக்கிலும் அதே வேலைதான். ஒரு பக்கம் இரண்டு மூன்று மி.மீ. தடிமனுள்ள, பளபளவென்று மெருகேற்றிய எஃகுத் தண்டு. இதற்குக் கேப்ஸ்டன் என்று பெயர். மறுபக்கம் அதன்மேல் வந்து அழுந்தும் ரப்பர் உருளை. இது பிஞ்ச் ரோலர். பிளே அமுக்கியதும் பிஞ்ச் ரோலர் எழும்பி வந்து, டேப்பை நடுவில் வைத்துக் கேப்ஸ்டனை அழுத்துகிறது. சுற்றும் சக்தி கேப்ஸ்டனுக்கு, பிடிப்பு ரப்பருக்கு. டேப்பின் வேகத்தை முடிவுசெய்வது இந்த ஜோடி மட்டுமே.

2 மி.மீ. தண்டு என்று வைத்துக்கொண்டால், 4.76 செ.மீ. டேப்பை இழுக்க அது நொடிக்கு ஏழரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றில் நடுக்கமே இருக்கக் கூடாது. அதற்காகத் தண்டின் பின்முனையில் கனமான உலோகச் சக்கரம் ஒன்று இருக்கும். ஃப்ளைவீல் என்பார்கள். குயவர் சக்கரம் ஒருமுறை சுற்றிவிட்டால் தன் கனத்திலேயே சீராகச் சுற்றுகிறதல்லவா, அதே தத்துவம். மோட்டாரிலிருந்து ஃப்ளைவீலுக்குச் சுற்றைக் கொண்டுபோவது ஒரு தட்டை ரப்பர் பெல்ட். மாவு மில் பெல்ட்டின் சின்ன வடிவம்.

அப்படியானால் வலப்பக்கச் சக்கரத்துக்கு என்ன வேலை? கேப்ஸ்டன் வெளியே தள்ளும் டேப்பைத் தொய்வில்லாமல் சுற்றிக்கொள்வது. அதற்கு டேக்-அப் என்று பெயர். அது எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். டேப் அனுமதிக்கும் அளவுக்குத்தான் சுற்ற முடியும். மீதி வழுக்கிப் போவதற்காக, ஃபெல்ட் துணி வைத்த ஒரு வழுக்குப் பிடி கீழே இருக்கும். அதன் இழுவை பல டெக்குகளில் 35 முதல் 60 கிராம்-சென்டிமீட்டர். அதாவது சக்கர மையத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளி 35 முதல் 60 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். விரலை லேசாக வைத்தாலே நின்றுவிடும்.

இதுவரை பார்த்தது: கேப்ஸ்டனும் பிஞ்ச் ரோலரும் இழுக்கின்றன, டேக்-அப் சுற்றிக்கொள்கிறது. இழுப்பும் சுற்றலும் இரண்டு தனி வேலைகள். இனி வரும் கோளாறுகளைப் படிக்க இந்த வித்தியாசம் ஒன்றே போதும்.

டேப் சிக்குவது எப்படி

கேப்ஸ்டன் நொடிக்கு 4.76 செ.மீ. டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டேக்-அப் நின்றுவிட்டால் அந்த டேப்புக்குப் போக இடமில்லை. இரண்டு நொடியில் விரல் நீளத்துக்கும் மேல் தொய்வு விழுந்துவிடும். தொய்ந்த டேப் பிஞ்ச் ரோலரில் ஒட்டி, அதையே சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது. "டெக் டேப்பைத் தின்னுடுச்சு" என்பது இதுதான். இழுப்பது நன்றாக வேலை செய்வதால்தான் சிக்குகிறது. ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். டேக்-அப்பைச் சுற்ற வைக்கும் சிறிய பெல்ட்டோ, ஐட்லர் எனப்படும் ரப்பர் வளையம் போட்ட சிறு சக்கரமோ வழுக்குகிறது. அல்லது பிஞ்ச் ரோலரின் மேற்பரப்பு பிசுபிசுத்து, டேப்பை விடமாட்டேன் என்கிறது. அல்லது கேசட்டே இறுகிப்போயிருக்கிறது. மூன்றாவதை முதலில் பாருங்கள், செலவில்லாதது. பென்சிலை விட்டுச் சுற்றுங்கள். விரல் நுனியில் லேசாகச் சுற்றினால் கேசட் நல்லது. மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் குற்றம் டெக்கின் மேல் இல்லை.

சில டெக்குகளில் டேப் சிக்காது. பிளே போட்ட சில நொடியில் தானாகவே நின்றுவிடும். டேக்-அப் சுற்றுகிறதா என்று கண்காணிக்கும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. சுற்று நின்றதும் டேப்பைக் காப்பாற்ற அது நிறுத்திவிடுகிறது. இதை மின்சாரக் கோளாறு என்று நினைத்துச் சர்க்யூட்டைக் குடைபவர்கள் உண்டு. முதலில் டேக்-அப்பையும், எண் காட்டும் கவுன்ட்டருக்குப் போகும் சிறு பெல்ட்டையும் பாருங்கள். பல மாடல்களில் அந்தக் கவுன்ட்டர் பெல்ட் வழியாகத்தான் கண்காணிப்பே நடக்கிறது.

வேகமும் இதே மாதிரி பேசும். பாட்டு கீச்சுக் குரலில் வேகமாக ஓடுகிறதா? பிஞ்ச் ரோலர் சரியாக அழுத்தவில்லை. கட்டுப்பாடு கேப்ஸ்டனை விட்டுப்போய் டேக்-அப் இஷ்டத்துக்கு இழுக்கிறது. மெதுவாக, இழுவையாக ஓடுகிறதா? மெயின் பெல்ட் வழுக்குகிறது, அல்லது கேப்ஸ்டன் சுற்றும் தாங்கியில் (பேரிங்) எண்ணெய் காய்ந்து இறுகிவிட்டது. வெளியே வரும் டேப்பின் ஓரம் அலை அலையாகச் சுருங்கியிருந்தால் பிஞ்ச் ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்தோ சாய்ந்தோ இருக்கிறது.

திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. பல டெக்குகளில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் வரை மின்சாரம் வந்து நிற்கும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையும் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சிலவற்றில் வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்ச் பின்னால் இருக்கும். அதை முதலில் சரிபாருங்கள்.

ஒவ்வொரு ஸ்க்ரூ கழற்றும் முன்பும் போனில் ஒரு படம் எடுங்கள். பெல்ட் போகும் பாதை, சின்ன ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, இரண்டையும் கிட்டத்தில் எடுங்கள். மெக்கானிசத்தில் தலைவலி தருவது ஸ்க்ரூ அல்ல, ஸ்பிரிங்தான்.

பெல்ட் மாற்றுவது

பழைய பெல்ட் நீண்டு தொய்ந்திருந்தால் அதிர்ஷ்டம். சில ரப்பர் கலவைகள் தாராகவே உருகிவிடும். தொட்டால் கை, துணி எல்லாம் கருப்பாகிவிடும், லேசில் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் மோட்டார் புல்லியையும் ஃப்ளைவீல் விளிம்பையும் துடைத்தெடுங்கள். ஒரு பொட்டுத் தார் மீந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதிப்பு வரும். பியானோ, வீணை போன்ற நீண்ட நாதத்தில் அது நடுக்கமாகக் கேட்கும்.

அளவு எடுப்பதற்கு, பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதில் 5 முதல் 7 சதவீதம் கழித்தால் புதிய பெல்ட்டின் சுற்றளவு. நூல் 260 மி.மீ. வந்தால் 242 முதல் 247 மி.மீ. பெல்ட் வேண்டும். அகலத்தையும் தடிமனையும் பழையதிலிருந்தே எடுங்கள். இறுக்கமாகப் போட்டால் நல்லது என்று நினைத்து இன்னும் சின்னதாக வாங்காதீர்கள். இறுக்கம் கூடினால் மோட்டாரின் தாங்கி தேயும், வேகம் குறையும். சமையலறை ரப்பர் பேண்டு ஒரு மணி நேரம் ஓடும். அதற்குமேல் அதை நம்ப முடியாது. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் பாட்டும் ஆடும். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் அளவு சொல்லி வாங்கலாம். ஆன்லைனிலும் பல அளவுகள் கலந்த பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

பின்தகட்டைக் கழற்றி ஃப்ளைவீலை மெதுவாக உருவும்போது கேப்ஸ்டனும் கூடவே வரும். தண்டில் மெல்லிய நைலான் வாஷர் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவை எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வந்து, மேஜை விளிம்பில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்தால் கண்ணில் படும். தண்டையும் தாங்கியையும் ஆல்கஹாலால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது பறந்து போய் பெல்ட்டிலும் ரோலரிலும் படியும். மாட்டி முடித்ததும் டேப் படும் தண்டின் முன்பகுதியைக் காய்ந்த பஞ்சால் மறுபடி துடையுங்கள். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிப்பு போய்விடும்.

ஐட்லர் வளையத்துக்கு மாற்று கிடைக்கும்வரை ஒரு பழைய வழி உண்டு: வளையத்தைக் கழற்றி உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி மாட்டுவது. தேயாத பக்கம் வெளியே வரும். கொஞ்ச நாள் தாங்கும்.

மந்தமான ஒலியும் ஒரு மைக்ரானும்

இனி ஹெட். டேப்பின்மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள் பூசப்பட்டிருக்கிறது. ஒலி அதில் காந்த அலையாகப் பதிந்திருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது ஜால்ராவின் சிலுசிலுப்பு, டேப்பில் எவ்வளவு நீளம் பிடிக்கும்? நொடிக்கு 4.76 செ.மீ. நீளத்துக்குள் பத்தாயிரம் அலைகள் அடங்க வேண்டும். ஒரு அலைக்கு 4.76 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல்.

துகள் உதிர்ந்து ஹெட்டில் ஒரே ஒரு மைக்ரான் அழுக்குப் படிந்தால், டேப் ஹெட்டிலிருந்து அவ்வளவு தூரம் விலகி நிற்கும். அந்த விலகல் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியில் 11 டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். அளவில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே அழுக்கு 100 ஹெர்ட்ஸ் மிருதங்கத் தொப்பியை ஏறக்குறைய தொடுவதே இல்லை, ஏனென்றால் அந்த அலையின் நீளம் நூறு மடங்கு. ஆகவே அழுக்கு ஹெட் பாட்டின் சத்தத்தைக் குறைப்பதில்லை. ஜால்ராவையும், குரலில் வரும் 'ச', 'ஸ' ஒலிகளையும் மட்டும் பொறுக்கி எடுத்துவிடுகிறது. கம்பளிக்குள் பாடும் மர்மம் இவ்வளவுதான்.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும்; தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, டேப் ஓடும் திசையிலேயே துடையுங்கள். இடப்பக்கம் இருப்பது அழிக்கும் ஹெட், நடுவில் பிளே ஹெட், பிறகு கேப்ஸ்டன். பஞ்சில் துருப்பிடித்த பழுப்பு நிறம் வரும்; அது துரு அல்ல, டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு. பழுப்பு வராத வரை புதுக் குச்சி மாற்றிக்கொண்டே இருங்கள். பிஞ்ச் ரோலரை விரலால் சுழற்றிச் சுழற்றி எல்லாப் பக்கமும் துடையுங்கள். ரப்பரில் ஆல்கஹாலை ஊறவிடாதீர்கள், காய்ந்து வெடிக்கும். துடைத்த பிறகு ரோலர் கரும்பலகைபோல் மங்கலாக இருந்தால் நல்லது. மொட்டை டயர்போல் வழவழவென்று மின்னினால் இறுகிவிட்டது. விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து புதியது போடுங்கள்.

சுருக்கமாக: சிக்குவதும் வேகமும் ரப்பரின் விவகாரம், மந்தம் பெரும்பாலும் அழுக்கின் விவகாரம்.

அந்தச் சின்ன ஸ்க்ரூ

ஹெட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துப் பிளவு உண்டு. அகலம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். டேப்பின் அலைகளை அது வழியாகத்தான் ஹெட் படிக்கிறது. ஜன்னல் கம்பிகளைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுக்கும் கம்பியும் ஒரே செங்குத்தில் இருந்தால் கம்பி தனித்தனியாகத் தெரியும். இடுக்கு சற்றே சாய்ந்தால் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். டேப்போடு இந்தப் பிளவு நிற்கும் கோணத்துக்கு அசிமுத் என்று பெயர். அது 90 டிகிரி இருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூ இருக்கும்.

இதைத் தொடும் ஆசையை அடக்குங்கள். துடைத்த பிறகும் எல்லாக் கேசட்டும் மந்தமாக ஒலித்தால் மட்டுமே இது தேவை. ஒரே ஒரு கேசட் மந்தம் என்றால் அதைப் பதிவுசெய்த டெக்கின் கோணம்தான் சாய்ந்திருக்கிறது. அதற்காக உங்கள் டெக்கைத் திருப்பினால் மற்ற எல்லாக் கேசட்டும் கெடும். கம்பெனி பதிவுசெய்து விற்ற நான்கைந்து கேசட்டுகளை எடுத்து, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேளுங்கள். ஸ்க்ரூவின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்கு மட்டும் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஜால்ரா பளிச்சென்று கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து அசையாமல் பூட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால்

இதற்கும் ஹெட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். நீளமான சறுக்கு சுவிட்ச் ஒன்று போர்டில் இருக்கும். ரெக்கார்டுக்கும் பிளேக்கும் மாற்றுவது அது. அதன் தொடுமுனைகள் கறுத்துப்போனால் ஒரு சேனல் போகும், கரகரக்கும், தட்டினால் திரும்ப வரும். கான்டாக்ட் கிளீனரைக் குழாய் வழியாக ஒரு நொடி மட்டும் அடித்து, ரெக்கார்டு பட்டனை (மின்சாரம் இல்லாமல்) முப்பது நாற்பது முறை அமுக்கி விடுங்கள். இருபது நிமிடம் காயட்டும்.

வேகத்தைச் சரிபார்ப்பது

புதிய பெல்ட் போட்டால் வேகம் சற்று மாறும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை கேசட் இருந்தால், டெக்கைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடானபின் போனில் அதிர்வெண் காட்டும் செயலியால் அளந்து பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் விலகினால் பிழை 1 சதவீதம். பல மோட்டார்களின் பின்புறம் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே உள்ள திருகை நுனி மட்டும் வெளியே தெரியும் ஸ்க்ரூடிரைவரால் முடி அளவு திருப்பினால் போதும். டெக் ஓடும்போது செய்யும் வேலை என்பதால் இன்னொரு கை எதையும் தொடாமல் இருக்கட்டும். ஓட்டிப் பார்ப்பதற்குப் போனால் பரவாயில்லை என்கிற ஒரு 60 நிமிட கேசட்டை வையுங்கள். 120 நிமிட கேசட்டின் டேப் 9 மைக்ரான்தான், 60 நிமிடத்தில் பாதி. முதலில் சிக்குவதும் கிழிவதும் அதுதான்.

ஹெட் உண்மையிலேயே போனது எப்படித் தெரியும்?

டேப் ஓடி ஓடி ஹெட்டின் முகத்தில் தட்டையான பள்ளம் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். டேப்பின் அகலம் ஏறக்குறைய 3.8 மி.மீ.; அதே அகலத்தில் மேலும் கீழும் இரண்டு விளிம்புகள் தெரியும். நகத்தின் நுனியை மேலிருந்து கீழே மெல்ல நகர்த்தினால் அந்த விளிம்பில் தட்ட வேண்டும். மின்னுவது மட்டும் தெரிந்து நகம் தட்டவில்லையென்றால் ஹெட் நன்றாகவே இருக்கிறது. தட்டுகிறது, துடைத்தும் அசிமுத் சரிசெய்தும் ஜால்ரா வரவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் ஹெட்டை மாற்றும் பேச்சே. அப்போதும் கடையில் கிடைக்கும் எதையாவது மாட்டாதீர்கள். ஸ்க்ரூ துளை பொருந்தினாலும் காயிலின் மின்தடை வேறாக இருந்தால் பிளே ஒருவிதமாகவும் ரெக்கார்டு வேறுவிதமாகவும் ஒலிக்கும். அதே மாடலின் ஓடாத டெக் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடி, அதிலிருந்து ஹெட்டைக் கழற்றிக்கொள்வதுதான் வழி. நகம் தட்டுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.